ஏலக்காரர் தைத்த பூட்ஸ்

ஹார்லன் டீக் ஏல மேடையில் ஏறி நின்றால் டெக்சாஸின் சான் ஏஞ்சலோ ஆட்டுச் சந்தையில் யாரும் மூக்கைச் சொறியமாட்டார்கள். சொறிந்தால் போச்சு, அதையே விலை கேட்டதாக வைத்துக்கொண்டு ஒரு பட்டி ஆட்டைத் தலையில் கட்டிவிடுவார். மூச்சு எங்கே விடுகிறார், எச்சில் எங்கே விழுங்குகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. சந்தைக்கு வெளியே டிரக்கில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தன் ஆடு என்ன விலைக்குப் போகிறதென்று காதில் விழும். அப்படிப்பட்ட தொண்டையில் ஒரு கட்டி வந்தது. நல்லவேளை, பயப்படும்படியான கட்டி இல்லை. எடுத்துப்போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "பேசலாம், சிரிக்கலாம். கூவ மட்டும் கூடாது."

கூவாத ஹார்லனுக்குப் பகல் பொழுது போகவே இல்லை. அவர் மனைவி நடீன் தீவனக் கடையில் வேலை பார்த்தாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவாள். வந்தால் இவர் கழுவி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, கரகரத்த குரலில், "ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டிருப்பார்.

"யோவ்," என்றாள் நடீன் ஒருநாள். "இப்படியே போனா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளிய போகணும். நான் போக மாட்டேன். வீடு எங்கப்பா குடுத்தது."

அன்றைக்குச் சாயங்காலமே ஹார்லன் தன் பழைய பூட்ஸின் குதிகாலைச் சரிசெய்யச் சொல்லி மரிசெலா ஒன்டிவேரோஸின் கடைக்குப் போனார். போனவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

மரிசெலாவுக்கு முப்பத்து மூன்று வயது. மெக்சிகோவில் லியோன் ஊரில் தொழில் கற்றுக்கொண்டு வந்து இங்கே கடை போட்டவள். கைத்தையல் பூட்ஸ்தான் செய்வாள். இன்றைக்குக் கால் அளவு கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த வருஷம்தான் பூட்ஸ் கிடைக்கும். அப்படியும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பண்ணைக்காரர்கள், வக்கீல்கள், கல்யாணப் பெண்கள், ஒரு பல் டாக்டர். கூடமாட வேலைக்கு ஒரு ஆள் கிடைத்தால் தேவலை என்று அவளும் தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் நினைத்த ஆள் வேறு மாதிரி.

"எனக்குக் கத்துக் குடு," என்றார் ஹார்லன்.

"உங்க வயசு என்ன, மிஸ்டர் டீக்?"

"அறுபத்தொண்ணு."

"தப்பு பண்ணா நான் திட்டுவேன். வயசெல்லாம் பாக்க மாட்டேன்."

"திட்டு வாங்கறது எனக்குப் புதுசில்ல. வீட்லயே நல்ல பழக்கம்."

மரிசெலா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மேலங்கியை அவர் பக்கம் வீசினாள். "ஒரே ஒரு நிபந்தனை. கையில குத்தூசி இருக்கும்போது வாய் மூடியிருக்கணும்."

ஆனால் குத்தூசி அவ்வளவு சீக்கிரம் கைக்கு வரவில்லை. தோலைத் தொடுவதற்குக்கூட அவள் விடவில்லை. முதலில் நூல் திரிக்கச் சொன்னாள். சணல் இழைகளைச் சேர்த்து, தொடையில் வைத்து உருட்டி, மெழுகு தேய்த்து, மறுபடி உருட்டி. ஹார்லன் திரித்த நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் எலி கடித்த மாதிரி இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுப்பாள். அறுந்து விழும். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். திட்டியிருந்தால்கூடப் பதில் பேசியிருக்கலாம்.

"முதலாளியம்மா, ஒரு வார்த்தையாவது திட்டேன்," என்றார்.

"நூல் முதல்ல திட்டுக்குத் தகுதியா வரட்டும்."

கடைசியில் நூல் அறாமல் நின்ற அன்று குத்தூசியைக் கையில் கொடுத்தாள். பூட்ஸின் உயிர் அடியில் இருக்கிறது. உள்தோலையும், மேல்தோலையும், சுற்றி வரும் ஓரப்பட்டையையும் ஒன்றாகப் பிடித்துக் கையால் தைக்க வேண்டும். வளைந்த குத்தூசியால் துளை போட்டு, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் ஊசியை விட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து இழுக்க வேண்டும். கை நடுங்கினால் மேல்தோல் கிழியும். அவசரப்பட்டால் குத்தூசி கட்டைவிரலில் இறங்கும். ஹார்லனுக்கு இறங்கியது. இறங்கிய வேகத்தில் டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோய் ஒரு கூவல் கூவினார். எதிர்ச்சாரி மருந்துக் கடையிலிருந்து ஆள் ஓடிவந்தான்.

"ஒண்ணுமில்ல," என்று மரிசெலா அவனிடம் சொன்னாள். "ஏலம் முடிஞ்சுது. கட்டைவிரல் எனக்கு வந்திருக்கு."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கற்றுக்கொள்பவர் தைக்கும் முதல் ஜோடியை அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் காலைக் கடிப்பதற்கு முன் தன் காலைக் கடிக்கட்டும் என்பது மரிசெலாவின் கணக்கு. ஹார்லன் தன் காலைத் தானே அளந்தார். பாதத்தின் அகலத்தை அளந்தார், மேட்டை அளந்தார், குதிகாலைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது குனிய முடியாமல் வயிறு தடுத்தது. "ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும்" என்று ஒரு எண்ணைச் சொன்னார். மரிசெலா புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அளவுக்கு ஏற்ற மர அச்சை எடுத்துக் கொடுத்தாள்.

அச்சின் மேல் ஈரத் தோலைப் போர்த்தி, குறடால் இழுத்து இழுத்து ஆணி அடித்தபோது ஹார்லனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மாட்டின் தோல் மனிதக் கால் மாதிரி வடிவம் எடுப்பதைக் கண்ணால் பார்த்தார். சோலில் மர ஆணிகளை வரிசையாக இறக்கி, ஹீலுக்குத் தோலை அடுக்கடுக்காக ஒட்டி, அரம் போட்டு, விளிம்பைத் தேய்த்து மினுக்கினார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது பூட்ஸோடு சர்ச்சுக்குப் போனார். பிரசங்கம் முழுக்கக் காலை நடைபாதைப் பக்கம் நீட்டியே வைத்திருந்தார். பிறகு சர்ச் வளாகத்தில் சுட்ட மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டு விருந்து. வெயிலில் நின்று எல்லோருக்கும் காட்டினார். கால் வீங்கியது.

வீட்டுக்கு வந்து கழற்றினால் இடது பூட்ஸ் கழன்றது. வலது கழலவில்லை. நடீன் வாசலில் நின்று குதிகாலைப் பிடித்து இழுத்தாள். ஹார்லன் மெஸ்கீட் மரத்தைக் கட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நடீனின் இடுப்பைப் பிடித்து இழுக்கலாமா என்று கேட்டார். நடீன் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டார். பூட்ஸ் அசையவில்லை.

"வெட்டிடுவோம்," என்றாள் நடீன்.

"காலயா?"

"யோவ், பூட்ஸத்தான். காலு உனக்கு வேணுமே, தினம் காலைல வீட்ட விட்டு வெளிய போறதுக்கு."

ஹார்லன் வெட்ட விடவில்லை. மறுநாள் காலையில் ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வீட்டுச் செருப்புமாகக் கடைக்குள் நுழைந்தார். மரிசெலா பார்த்தாள். தரையில் உட்கார்ந்தே விட்டாள். சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பூட்ஸின் மேல் வாயில் பவுடரைக் கொட்டி, அவரைப் படுக்கச் சொல்லி, காலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இரத்தம் இறங்கி வீக்கம் வடிந்ததும் ஒரு திருகு திருகினாள். பூட்ஸ் பொத்தென்று கையோடு வந்தது.

"குதிகால் அளவு ஏறக்குறைய எவ்வளவு, மிஸ்டர் டீக்?" என்று கேட்டாள்.

ஹார்லன் மெதுவாகப் புரண்டு உட்கார்ந்தார். எழுந்து, டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்து, காலை நீட்டினார்.

இரண்டாவது ஜோடியைத் தன் மனைவிக்குத் தைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நடீனிடம் சொன்னதும் அவள் கையில் இருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்."

"சும்மா ஒரு அளவு எடுத்துக்கறேன். காகிதத்து மேல கால வை, போதும்."

"என் கால யாரும் பாக்க வேண்டாம்."

"நான் யாரோவா?"

"நீயும்தான்."

கல்யாணமான நாளிலிருந்து நடீன் சாக்ஸ் போட்டுத்தான் தூங்குவாள். குளிர் தாங்காதவள் என்று ஹார்லன் நினைத்திருந்தார். டெக்சாஸ் ஆகஸ்ட் மாதத்தில் யாருக்குக் குளிரும் என்று அவர் யோசித்ததே இல்லை.

விடக்கூடாது என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நடீன் தோட்டத்தில் இருக்கும்போது அவளுடைய பழைய பூட்ஸைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நீளம், அகலம், மேடு, குதிகால் எல்லாவற்றையும் அந்த பூட்ஸை வைத்தே அளந்தார். இடது பூட்ஸுக்குள் விரல் முனையில் மட்டும் கொஞ்சம் பஞ்சு அடைத்திருந்தது. மழையில் நனைந்தால் வடிவம் கெடாமலிருக்க வைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டார். மரிசெலா அந்த வாரம் லியோனுக்குப் போயிருந்தாள்; கேட்க ஆளில்லை. திரும்பி வந்தவளிடம், "வீட்லயே அளந்துட்டேன்," என்று மட்டும் சொன்னார். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

இந்த முறை கை நன்றாக வேலை செய்தது. பழுப்புத் தோலில், மேல் குழலுக்குக் கள்ளிப்பூத் தையல் போட்டார். வரிசைக்கு வரிசை நூல் பிசகவில்லை. தைத்த குழலை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டும்போதுதான் எல்லோரும் திணறுவார்கள். அவர் நனைத்து, மடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழிசல் இல்லாமல் புரட்டினார். வாய் மூடியே இருந்தது. மரிசெலா விளிம்புகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "ம்," என்றாள். அந்த 'ம்' போதும் என்று ஹார்லன் டிரக்கில் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

பூட்ஸைப் பார்த்ததும் நடீனின் முகம் மலர்ந்தது. கள்ளிப்பூவை விரலால் தொட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். இரண்டு எட்டு நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. வெளியே வரும்போது பழைய செருப்போடு வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "விசேஷத்துக்குப் போட்டுக்கறேன்."

ஒரு மாதம் போனது. ஒரு விசேஷமும் வரவில்லை. வந்தவள் நடீனின் தங்கை நெல்டாதான். நெல்டா எதையும் கேட்டுவிட்டுத் தொடும் ரகம் இல்லை. அலமாரியைத் திறந்தாள், பூட்ஸைப் பார்த்தாள், காலை விட்டாள். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

"அக்கா! இது எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கே!"

ஹார்லன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நெல்டாவின் கால் அக்காவின் காலைவிட ஒரு அளவு பெரியது. அது ஊருக்கே தெரியும், அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குச் சரியாக இருந்தால் நடீனுக்கு எப்படிச் சரியாக இருந்திருக்கும்?

"பிடிச்சிருந்தா எடுத்துக்கோ," என்றாள் நடீன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"நெஜமாவா?"

"எடுத்துக்கோடி. பேசிட்டே இருந்தா மனசு மாறிடும்."

நெல்டா அதற்கப்புறம் பேசவில்லை. பூட்ஸோடு காரில் ஏறிவிட்டாள்.

ஹார்லன் மறுநாள் எல்லாவற்றையும் மரிசெலாவிடம் கொட்டினார். அவள் கேட்டாள்: "நீங்க கால அளந்தீங்களா, பூட்ஸ அளந்தீங்களா?"

"பூட்ஸ."

அப்போதுதான் அவள் முதல்முறையாக அவரைத் திட்டினாள். பாதி ஆங்கிலத்திலும் பாதி ஸ்பானிஷிலும் திட்டினாள். ஸ்பானிஷில் திட்டியது புரியாவிட்டாலும் அதில் கழுதை வந்தது அவருக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. திட்டுக்குத் தகுதி வந்துவிட்டது.

இதற்கிடையில் நெல்டா சும்மா இருக்கவில்லை. நடீன் வேலை பார்க்கும் தீவனக் கடையில் அவளுக்கு வாங்க வேண்டியது ஒன்றுமே இல்லை. வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. ஆனாலும் தினம் வந்தாள். கவுண்டர் முன்னால் பாவாடையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என் மச்சான் கையால தைச்சது," என்று வருகிற போகிற பண்ணைக்காரர்களிடமெல்லாம் காட்டினாள். சர்ச்சில் காட்டினாள். பல் டாக்டர் வீட்டுக் கல்யாணத்தில் அந்த பூட்ஸோடு இரண்டு மணி நேரம் ஆடினாள். கடைசியில் ஒரு கிழவர் மக்காச்சோள மூட்டையைத் தோளில் வைத்தபடியே நடீனிடம் கேட்டார்: "ஏம்மா, உன் புருஷன் உன் தங்கச்சிக்கு மட்டும்தான் தைப்பானா?"

நடீன் மேலங்கியைக் கழற்றிக் கவுண்டரில் போட்டாள். நேராக மரிசெலாவின் கடைக்கு வந்தாள். ஹார்லன் ஒரு சோலுக்கு மர ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அள," என்றாள்.

ஹார்லன் வெள்ளைக் காகிதத்தை விரித்துப் பென்சிலை எடுத்தார். "சாக்ஸக் கழட்டணும்."

"கழட்ட மாட்டேன்."

"சாக்ஸோட அளந்தா மறுபடியும் நெல்டாவுக்குத்தான் போகும்."

நடீன் உதட்டைக் கடித்துக்கொண்டு மரிசெலாவைப் பார்த்தாள். மரிசெலா சாவகாசமாக ஒரு நூலுக்கு மெழுகு தேய்த்தாள். "இந்த ஊர்ல நான் பாக்காத கால் இல்ல," என்றாள். "நம்ம பாதிரியாருக்குக் கால் பூரா முடி, கரடிக்குட்டி மாதிரி. ஷெரிஃபுக்கு ஒரு கால்ல ஆறு விரல். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க."

"எந்தக் கால்ல?" என்றாள் நடீன் சட்டென்று.

"இடது."

நடீன் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே சாக்ஸை உருவிப் போட்டாள்.

வலது காலின் இரண்டாவது விரல் நடுவில் மடங்கி, ஆட்டுக்கொம்பு மாதிரி மேலே துருத்திக்கொண்டு நின்றது. அந்த விரலுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அவள் எப்போதும் ஒரு அளவு பெரிய பூட்ஸாக வாங்கியிருக்கிறாள். நல்ல காலில் பஞ்சு அடைத்தது அதற்குத்தான். ஹார்லன் பென்சிலை வைத்துவிட்டு அந்தக் காலைக் கையில் ஏந்திக்கொண்டார்.

"இது எப்ப ஆச்சு?"

"கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. டச்சஸ ஞாபகம் இருக்கா?"

டச்சஸ் என்பது நடீன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த அங்கோரா வெள்ளாடு. கண்காட்சிக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்து தொழுவத்தில் கட்டியிருந்தாள். மேடையில் ஹார்லன் ஏலம் கூவிய உற்சாகத்தில் உள்ளே ஓட்டிவந்த எல்லா ஆட்டையும் விற்றார், டச்சஸையும் விற்றார். நல்ல விலைக்குத்தான் விற்றார். அதைப் பெருமையாக வந்து சொல்லவும் சொன்னார்.

"நீ ஆடு ஏத்தற டிரெய்லர் பக்கத்துல நின்னு பல்ல காட்டிட்டு இருந்த," என்றாள் நடீன். "நான் ஒரு உதை விட்டேன். டிரெய்லர் மேல பட்டுடுச்சு."

"டிரெய்லர எதுக்கு உதைச்ச?"

"டிரெய்லர உதைக்கல. உன்னைத்தான் உதைச்சேன். நீ நகர்ந்துட்ட."

மரிசெலா மெழுகைக் கீழே போட்டாள். ஹார்லனின் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது. சிரிக்கிறாரா, மூச்சு அடைக்கிறதா என்று தெரியாமல் நடீன் அவர் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட போயிருக்கலாமேடி!"

"சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும். வலிக்கலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்பறம் எப்படிச் சொல்றது?"

"வலிச்சுதா?"

"மூணு நாள் அழுதேன்யா, கழுத."

ஹார்லன் பென்சிலை எடுத்துக் காகிதத்தின் மேல் அவள் காலைச் சுற்றிக் கோடு போட்டார். மடங்கிய விரலின் உயரத்தை மூன்று தரம் அளந்தார். ஒரு தரம்கூட 'ஏறக்குறைய' என்று சொல்லவில்லை.

"என்ன நிறம் வேணும்?" என்று மரிசெலா கேட்டாள்.

"நெல்டாவோடது பழுப்பு," என்றாள் நடீன். "என்னோடது தெருவுக்கு அந்தப் பக்கத்துலயே தெரியணும்."

மரிசெலா மயில் கழுத்து நிறத் தோலை எடுத்தாள்.

ஹார்லன் வலது கால் அச்சில் இரண்டாவது விரல் வரும் இடத்தில் சின்னத் தோல் துண்டு ஒன்றை ஒட்டினார். பட்டாணி அளவுதான். அதன் ஓரங்களைக் கத்தியால் சீவிச் சீவி, கண்ணுக்குத் தெரியாமல் அச்சோடு கரையும்வரை தேய்த்தார். ஒட்டினார், சரியில்லை என்று பிய்த்தார், மறுபடி ஒட்டினார். அந்த மேட்டின் மேல் ஈரத் தோலைக் குறடால் இழுத்தபோது மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. மரிசெலாவே ஒருதரம் எட்டிப் பார்த்து, "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பூட்ஸ் முடிந்த அன்று நடீன் வேலை நேரத்தில் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸின் மேல் வாயில் இருந்த இரண்டு பிடிப்பட்டைகளையும் பிடித்து இழுத்தாள். இடது கால் உள்ளே இறங்கி, குதிகால் பொதுக்கென்று உட்கார்ந்தது. வலதுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். இழுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

"எங்க போச்சு?" என்றாள்.

"என்னது?"

"விரல். ஒண்ணும் தெரியல."

"நடந்து பாருங்க," என்றாள் மரிசெலா.

நடீன் எழுந்து சுவர்வரை நடந்தாள். திரும்பி வந்தாள். முகத்தில் எதுவும் காட்டவில்லை. கதவைத் திறந்து நடைபாதையில் இறங்கினாள். மருந்துக் கடையைத் தாண்டினாள். முனையில் திரும்பினாள்.

ஹார்லனும் மரிசெலாவும் வாசலில் நின்று காத்திருந்தார்கள். நடீன் வரவில்லை.

"கடிக்குதோ?" என்றார் ஹார்லன். "எங்கயாவது உக்காந்து கழட்டிட்டு இருக்காளோ?"

"பேசாம நில்லுங்க."

மருந்துக் கடைக்காரன் முனைப் பக்கமிருந்து வந்தான். "உங்க வீட்டம்மா கோர்ட்டு வாசல்ல நிக்கறத பாத்தேன்," என்றான். "ஷெரிஃபோட பேசிட்டு இருந்தாங்க. அவரு கால குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு இருந்தாங்க."

மரிசெலா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

தீவனக் கடைப் பக்கமிருந்து இரண்டு பேர் கைதட்டும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்துத் திருப்பத்தில் மயில் கழுத்து நிறம் தெரிந்தது. நடீன் தெருவின் எதிர்ச்சாரியில் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம்தான் நெல்டாவின் முடி திருத்தும் கடை. அதன் கண்ணாடி முன்னால் நின்று, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கும்வரை ஒரு காலை முன்னால் வைத்து, அதைத் திருப்பி, மறுகாலை வைத்தாள். நெல்டா சீப்பும் கையுமாக வெளியே ஓடிவந்தாள்.

"அக்கா! இத நானும் ஒருதரம் போட்டுப் பாக்கறேனே!"

"உனக்குப் பத்தாதுடி," என்று நடீன் சொன்னது தெருவின் இந்தப் பக்கம்வரை தெளிவாகக் கேட்டது.